சொப்பு வீட்டுக்குச் சாமான் செய்வோம்: வாசகர் கேள்வி - பதில்

பொம்மை வீட்டுக்கு வேண்டிய சின்னஞ்சிறு சாமான்களைக் கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு செய்வது பற்றிய ஐயங்களை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களை ஒன்றாக்கி, நீண்டவற்றைச் சுருக்கி, விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: தொடக்கநிலை 4ல் படிக்கும் என் மகள் ஜூன் விடுமுறையில் காலணிப் பெட்டிகளை ஒட்டி ஒரு பொம்மை வீடு செய்தாள். கடையில் வாங்கியவை, தோழிகள் கொடுத்தவை, அவளே செய்தவை என்று சாமான்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. தனித்தனியே பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றாக வைத்தால் அடுப்பைவிடப் பானை பெரிதாகத் தெரிகிறது. நாற்காலியில் பொம்மையை உட்கார வைக்க முடியவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: உங்கள் மகளின் கைவேலையில் குறையில்லை, அளவுதான் கலந்துவிட்டது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகும் பொம்மை எது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். பார்பியைப் போல ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை என்றால், உண்மைப் பொருளின் ஒவ்வோர் அளவையும் ஆறால் வகுக்க வேண்டும். பெரியவர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் பொம்மை வீடுகளில் பரவலாக வழங்கும் அளவோ பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் இன்றும் காட்சிக்கு இருக்கும் குவீன் மேரியின் பொம்மை வீடு, கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸின் வடிவமைப்பில் 1921க்கும் 1924க்கும் இடையே கட்டப்பட்டபோது, எரியும் மின்விளக்கும் குழாயில் வரும் தண்ணீரும் உட்பட அனைத்தும் இந்த அளவிலேயே அமைந்தன.

காலணிப் பெட்டிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் பொருந்தும். நம் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறக்குறைய 2.6 மீட்டர் இருக்கும்; அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் மூன்றரை மீட்டர் அகலமுள்ள, கூரை மட்டும் சற்றே தாழ்ந்த ஓர் அறை கிடைத்துவிடுகிறது. ஆழம் போதாது என்பதால், இரண்டு பெட்டிகளை முன்னும் பின்னுமாக ஒட்டி நடுச்சுவரை வெட்டியெடுத்துவிடுங்கள். அந்த அறையில் நடமாடுபவர் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மா என்றால், பொம்மை 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும்.

அதன்பின் அளவுநாடாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவளிடம் கொடுத்து, உங்கள் வீட்டு மேசை, நாற்காலி, அடுப்பு, தட்டு, வாளி ஆகியவற்றை அளக்கச் சொல்லி, பக்கத்திலேயே பன்னிரண்டால் வகுத்த விடையையும் எழுதச் சொல்லுங்கள். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் பொம்மைக்கு 37 அல்லது 38 மில்லிமீட்டர். கடையில் எதையும் வாங்குவதற்குமுன் இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும். இப்போதே சேர்ந்துவிட்ட பொருந்தாத சாமான்களைத் தூக்கியெறிய வேண்டாம். பெரிய பானை கல்யாண வீட்டு அண்டாவாகலாம். சிறிய நாற்காலி பொம்மையின் குழந்தைக்கு ஆகும்.

கேள்வி: எவர்சில்வர் தட்டு, டம்ளர், அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு போன்றவற்றைச் செய்ய எந்தப் பொருள் ஏற்றது? வெள்ளி நிறச் சாயம் பூசிப் பார்த்தேன். உலோகம் போலத் தெரியவில்லை. (வாசகர், பிடோக்)

பதில்: சாயத்தை விட்டுவிட்டு, உலோகத்தையே பயன்படுத்துங்கள். கடையிலிருந்து சாப்பாடு வாங்கிவரும் அலுமினியத் தட்டுகளின் அடிப்பாகமும், குழாய் ஒட்டுவதற்காக ஹார்டுவேர் கடைகளில் விற்கும் அலுமினிய ஒட்டுநாடாவும் போதும். சமையலறை அலுமினியத் தாள் மிக மெல்லியது, தொட்டாலே சுருங்கிவிடும்.

தட்டுக்கு அச்சு உங்கள் பணப்பையிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் வரிசைச் சிங்கப்பூர் நாணயங்களில் ஒரு வெள்ளியின் (டாலரின்) விட்டம் 24.65 மில்லிமீட்டர், 20 காசின் விட்டம் 21 மில்லிமீட்டர். அலுமினியத் தகட்டின் மேல் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்துச் சுற்றிலும் கோடிழுத்து, பழைய கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் நடுவில் 20 காசை வைத்து, மடித்த துணியின் மேல் அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை விரல் நகத்தாலும் பிறகு கரண்டியின் பின்புறத்தாலும் மேல்நோக்கித் தேய்த்து நிமிர்த்தினால், 25 சென்டிமீட்டர் அகலமும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விளிம்பும் கொண்ட சாப்பாட்டுத் தட்டின் சரியான சிறுவடிவம் வந்துவிடும். விளிம்பில் தோன்றும் சுருக்கங்கள் தேய்க்கத் தேய்க்க மறையும். தகட்டின் வெட்டுமுனை கையைக் கிழிக்கக்கூடும் என்பதால் வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

டம்ளருக்குச் சாதாரண உறிஞ்சுகுழல். அதன் விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 7 சென்டிமீட்டர். 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெளிப்புறம் அலுமினிய நாடாவைச் சுற்றி, அதன் மேல் விளிம்பை மட்டும் உள்ளே மடித்துவிட்டு, அடியில் வட்டமாக வெட்டிய துண்டு ஒன்றை ஒட்டினால் முடிந்தது. அடுக்குத் தூக்கு செய்ய, பபிள் டீக்குக் கொடுக்கும் தடித்த உறிஞ்சுகுழலை நாடுங்கள். அது 12 மில்லிமீட்டர் அகலம் இருப்பதால் 14 சென்டிமீட்டர் அகலமுள்ள தூக்குக்கு மிகச் சரியாகப் பொருந்தும். 5 மில்லிமீட்டர் உயரத்தில் மூன்று வளையங்கள் வெட்டி, தனித்தனியே நாடா சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். அடுக்குகளுக்கிடையே ஒரு கோடு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் குழாய்த் துண்டு போலிருக்கும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி வளைத்தால் கைப்பிடியாகிவிடும்.

சிறு மெழுகுவத்திகள் அலுமினியக் கிண்ணத்தில் வரும் அல்லவா? அந்தக் கிண்ணம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலம். பொம்மை வீட்டில் அது 45 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய பாத்திரம். உதட்டுப் பூச்சுக் குழாயின் மூடி சோற்றுக் குக்கராகும். பானப் புட்டியின் மூடியைத்தான் பலரும் பானையாக்குகிறார்கள்; அது 30 மில்லிமீட்டர் அகலம் என்பதால் சாதாரணக் குடும்பத்துப் பானைக்குப் பெரிது, துணி துவைக்கும் தொட்டிக்குத்தான் தகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீள அகலங்களை அளக்கிறவர்கள்கூடத் தடிமனை அளப்பதில்லை. மூன்று மில்லிமீட்டர் அட்டையில் தட்டு செய்தால், அது மூன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள தட்டு. பார்க்கிறவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும், அது பொம்மை என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பீங்கான் தட்டுக்கு வாழ்த்து அட்டையின் தடிமனே போதும். மேசைப் பலகைக்கு இரண்டு மில்லிமீட்டர், அதாவது ஐஸ்கிரீம் குச்சியின் தடிமன், போதும்.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திருமணமாகி வந்த புதிதில் நாங்கள் குடியிருந்த தோ பாயோ மூவறை வீட்டின் சமையலறையைப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசை. மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மி, எனாமல் தட்டு, சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி, குழந்தையைப் போட்டு ஆட்டிய சாரங் தொட்டில் எல்லாம் வேண்டும். கண்பார்வை முன்போல இல்லை. என்னால் முடியுமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: தாராளமாக முடியும், அம்மா. நீங்கள் பட்டியலிட்டவற்றுள் இரண்டு பொருள்கள் ஏறக்குறைய ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வெட்டி ஒட்ட வேண்டிய வேலை குறைவு.

மூங்கில் கழி உண்மையில் மூன்று மீட்டர் நீளமும் மூன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தடிமனும் இருக்கும். சாத்தே இறைச்சியைக் கோத்துச் சுடும் குச்சி மூன்று மில்லிமீட்டர் தடிமனும் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமும் கொண்டது, அதுவும் மூங்கில்தான். கூர்முனையை வெட்டி, உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, மூங்கிலின் கணுக்களைக் காட்டப் பழுப்பு நிறப் பேனாவால் சீரற்ற இடைவெளியில் மெல்லிய வளையங்கள் வரைந்துவிட்டால் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. சன்னலின் கீழே கழியைச் செருகும் குழாய்களுக்குச் சாதாரண உறிஞ்சுகுழலின் துண்டுகள் ஏற்றவை. குச்சி அதற்குள் தளர்வாக நுழையும்.

தொட்டிலுக்குப் பந்துமுனைப் பேனாவைக் கழற்றி அதிலுள்ள சுருள்வில்லை எடுங்கள். அந்த வில் நான்கு மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். உங்கள் கூரையில் தொங்கிய தொட்டில் வில்லும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் நீளத்துக்கு மேலும்தான் இருந்திருக்கும். காகிதக் கிளிப்பை இரண்டு பக்கமும் வளைத்துக் கொக்கிகளாக்கி வில்லின் இரு முனைகளிலும் மாட்டி, கைக்குட்டையளவு மெல்லிய துணியைக் கொக்கியில் கோத்துவிடுங்கள். துணிக்குள் கனம் இல்லாவிட்டால் வில் இழுபடாது, தொட்டிலும் சுருங்கியே கிடக்கும். ஆகவே உள்ளே படுக்கவைக்கும் களிமண் குழந்தையின் வயிற்றில் ஓர் இரும்பு மரையை (நட்டை) வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் விரலால் தட்டினால் தொட்டில் மேலும் கீழும் ஆடும்.

அம்மிக்குக் காற்றில் உலரும் களிமண்ணில் சிறிது கறுப்புச் சாயத்தைக் கலந்து பிசைந்து, 37 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் உயரம் உள்ள பாளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கசக்கி உருட்டிய அலுமினியத் தாள் உருண்டையை அதன்மேல் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். மேற்பரப்பின் நடுவில் மட்டும் விரலால் தடவி வழவழப்பாக்குங்கள். அரைத்து அரைத்துத் தேய்ந்த இடம் அதுதானே. காய்ந்தபின் பழைய பல்துலக்கியை வெள்ளைச் சாயத்தில் லேசாகத் தொட்டு மயிரை விரலால் வருடித் தெளித்தால் கருங்கல்லின் புள்ளிகள் விழும். குழவி, இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளை.

எனாமல் தட்டை வாழ்த்து அட்டையில் வட்டமாக வெட்டி, மெத்தென்ற துணியின் மேல் வைத்துப் பேனாவின் மழுங்கிய முனையால் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் குழிவு விழும். வெள்ளைச் சாயம், காய்ந்தபின் விளிம்பில் நீலப் பேனா, அதன்மேல் பளபளப்பான வார்னிஷ். ஓரிரு இடங்களில் எனாமல் பெயர்ந்ததைக் காட்டக் கறுப்புப் புள்ளி வைக்கத் தவறாதீர்கள். பெயராத எனாமல் தட்டு அந்தக் காலத்தில் எந்த வீட்டில் இருந்தது?

மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றுதான் சற்று வேலை வாங்கும். எண்ணெய்த் தொட்டிக்கு உதட்டுப் பூச்சு மூடியைப் பாதி உயரத்தில் வெட்டியது, மேலே பபிள் டீ குழலின் துண்டு, அதைச் சுற்றிக் கிளிப்புக் கம்பியில் மூன்று கால்கள், உச்சியில் அதே கம்பியால் ஒரு வளையம் என்ற வரிசையில் பொருத்துங்கள். கம்பியை வளைக்கும்போது பேரப்பிள்ளைகளில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு, தாங்கியோடு வரும் விளக்குப் பொருத்திய உருப்பெருக்கி ஒன்றை வாங்கிக்கொண்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: நவராத்திரிக் கொலுவில் ஒரு திருமண விருந்துக் காட்சி வைக்க விரும்புகிறேன். களிமண்ணில் செய்த இட்லியும் வடையும் வெடித்துவிட்டன. சென்ற ஆண்டு செய்து பெட்டியில் வைத்தவை பூஞ்சணம் பிடித்துவிட்டன. குத்துவிளக்கும் செய்ய வேண்டும். (வாசகி, செங்காங்)

பதில்: இரண்டு தொல்லைகளுக்கும் ஈரம்தான் காரணம், ஒன்றில் அது சீரற்று வெளியேறுகிறது, மற்றொன்றில் வெளியேறாமலே தங்கிவிடுகிறது. களிமண் உருண்டையை மின்விசிறிக்கடியிலோ குளிரூட்டிய அறையிலோ வைத்தால் மேற்புறம் மட்டும் விரைவாகக் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருப்பதால் மேல்தோல் பிளக்கிறது. முதல் நாள் ஒரு டப்பாவை அதன்மேல் சற்றுத் திறந்தவாறு கவிழ்த்து வைத்து, மெதுவாக உலரவிட்டு, பிறகு திருப்பிப்போட்டுக் காயவையுங்கள். பெரிய பொருள் என்றால் கசக்கிய அலுமினிய உருண்டையை உள்ளே வைத்து அதன்மேல் மெல்லிய படலமாகக் களிமண்ணைப் போர்த்துங்கள். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு என்பதால், பொட்டலத்தில் 24 மணிநேரம் என்று போட்டிருந்தாலும் மூன்று நாளாவது பொறுத்திருங்கள். முழுக்கக் காய்ந்தபின் அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பூஞ்சணம் அண்டாது. அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் வார்னிஷ் பூசினால், ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

கடையில் வாங்கும் களிமண்ணைவிட, வீட்டில் கிண்டும் சோளமாவுக் களிமண் உணவுப் பண்டங்களுக்கு ஏற்றது. உலர்ந்தபின் லேசான ஒளி ஊடுருவும் தன்மை அதற்கு உண்டு. வெள்ளைப் பசை (பிவிஏ) ஒரு கிண்ணம், சோளமாவு (கார்ன்ஃபிளவர்) ஒரு கிண்ணம், குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சமையலுக்கு இனிப் பயன்படாத பழைய சட்டியில் இட்டு, மிகக் குறைந்த தீயில், கை ஓயாமல் கிண்டுங்கள். ஓரங்களை விட்டு உருண்டு திரண்டு வந்ததும் இறக்கி, சூடு பொறுக்கும் பதத்தில் பிசைந்து, நெகிழித் தாளில் இறுகச் சுற்றி ஓர் இரவு வைத்தால் பதமாகிவிடும். எலுமிச்சைச் சாறு பூஞ்சணத்தைத் தள்ளிப்போடுவதற்காகச் சேர்ப்பது. அதற்காக வார்னிஷைக் கைவிட்டுவிட முடியாது. வெண்மை மாறாமல் இருக்கப் பிசையும்போதே சிறிது வெள்ளைச் சாயம் சேருங்கள். இந்தக் களிமண் உலரும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கும். எதையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும்.

இட்லி உண்மையில் எட்டு சென்டிமீட்டர் என்றால் இங்கே ஆறரை மில்லிமீட்டர். சிறு உருண்டையைத் தட்டி ஓரத்தை மட்டும் மெலிதாக்கி, பல்துலக்கியால் ஒற்றுங்கள். வடைக்குப் பல்குச்சியால் துளை. முறுக்குதான் கை தேர வேண்டிய பண்டம். அதன் இழை அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து வரும் இழை தடித்துப்போகும். வழுவழுப்பான தரைக்கல்லின் மேல் களிமண்ணை வைத்து, மற்றொரு கல்லாலோ கண்ணாடித் துண்டாலோ முன்னும் பின்னும் உருட்டினால் மெல்லிய நூலாகும். இரண்டு நூல்களை முறுக்கி வட்டமாகச் சுற்றுங்கள். பொன்னிறத்தைச் சாயத்தால் பூசாதீர்கள். ஓவியச் சுண்ணக் கட்டிகளைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள் பொடியை முதலிலும் பழுப்புப் பொடியை மேடான இடங்களிலும் உலர்ந்த தூரிகையால் தடவினால், எண்ணெயில் பொரிந்த நிறம் வரும்.

சோற்றுக்கு ரவையைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அளவு நன்றாகவே பொருந்தும். ஆனால் எறும்பும் கரப்பானும் கொலுப்படி ஏறி வரும். பாதி உலர்ந்த வெள்ளைக் களிமண்ணை ஊசியால் கிளறி உதிர்த்துக் குவியுங்கள். வாழையிலைக்குப் பச்சைக் காகிதத்தை ஐந்து சென்டிமீட்டர் நீளம், இரண்டேகால் சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, நடுநரம்பில் மடித்து விரித்து, ஊசியின் மழுங்கிய முனையால் பக்க நரம்புகளை நெருக்கமாகக் கீறுங்கள். இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்கட்டும். கொலு பார்க்க வரும் மாமிகள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

அறுபது சென்டிமீட்டர் குத்துவிளக்கு ஐந்து சென்டிமீட்டராகிறது. பல்குச்சியில் பெரிய மணி, சிறிய மணி, மணிகளுக்கு இருபுறமும் வைக்கும் உலோகப் பூக்கிண்ணம் என்று மாற்றி மாற்றிக் கோத்து, அடியில் பதினேழு மில்லிமீட்டர் பொத்தானையும் மேலே அலுமினிய நாடாவில் வெட்டி ஐந்து இடங்களில் கிள்ளிய தட்டையும் பொருத்துங்கள். இவையெல்லாம் தேக்காவிலுள்ள அலங்காரப் பொருள் கடைகளில் கிடைக்கும். முழுவதும் பொன்சாயம் பூசிக் காய்ந்தபின், தண்ணீரில் கரைத்த பழுப்புச் சாயத்தைத் தடவி உடனே துணியால் துடைத்துவிட்டால், இடுக்குகளில் மட்டும் பழுப்பு தங்கிப் பித்தளையாகத் தோன்றும்.

கேள்வி: சுட்டால் இறுகும் பாலிமர் களிமண்ணை ரொட்டி சுடும் சிறிய அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சுடலாமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: மைக்ரோவேவில் கூடாது. சிறிய மின் அடுப்பில் சுடலாம். ஆனால் அதன் வெப்பக் கம்பி களிமண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் மேற்புறம் கருகிவிடும். அலுமினியத் தட்டில் வைத்து, மற்றொரு தட்டால் மூடி, தனியே ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். ஃபிமோ வகைக்கு 110 பாகை செல்சியஸில் 30 நிமிடம். மற்றவற்றுக்குப் பொட்டலத்தில் உள்ளபடி. இது அடிப்படையில் பிவிசி நெகிழி என்பதால், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் வாயு வெளிப்படும். உணவுக்குப் பயன்படுத்தும் அடுப்பை இதற்கும் பயன்படுத்தாமலிருப்பது நல்லது.

கேள்வி: சுவர்த்தாள் ஒட்டிய அட்டை வளைந்துவிடுகிறது. சன்னலுக்கு வைத்த தெளிவான நெகிழி, சூப்பர் குளூ பட்டதும் வெண்மையாகப் படிந்துவிடுகிறது. எந்தப் பசையைத்தான் நம்புவது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே பசை என்பது கிடையாது. வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் அதைக் குடித்து விரிந்து, பிறகு காய்ந்து சுருங்குவதால் அட்டை வளைகிறது. பின்புறமும் அதே அளவு பசையோடு ஒரு தாளை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். அல்லது சுவர்த்தாளுக்கு இருபுறம் ஒட்டும் நாடாவைப் பயன்படுத்துங்கள். மரம், காகிதம், துணி ஆகியவற்றுக்கு வெள்ளைப் பசை சிறந்தது. உலோகத்தோடு உலோகத்தையோ நெகிழியோடு நெகிழியையோ அது பிடிக்காது, ஏனெனில் தண்ணீர் வெளியேற வழியில்லை.

சூப்பர் குளூவின் ஆவி அருகிலுள்ள பரப்பில் படிந்து வெண்மையாகிறது. ஆகவே சன்னல் கண்ணாடிக்கு அது வேண்டாம். வெள்ளைப் பசையைச் சட்டத்தில் மெல்லிய கோடாக இட்டு அதன்மேல் நெகிழியை அழுத்தினால் போதும், காய்ந்தால் கோடு தெரியாது. சிந்திய சூப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒருபோதும் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

கேள்வி: பொம்மைக்குக் கட்டிய சேலை விறைத்துக்கொண்டு நிற்கிறது. கொசுவம் படியவே மாட்டேன் என்கிறது. (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: சேலையைப் பன்னிரண்டால் வகுக்கலாம், நூலை வகுக்க முடியாது. ஐந்தரை மீட்டர் சேலை 46 சென்டிமீட்டராகச் சுருங்கினாலும், துணியின் தடிமன் அப்படியே இருப்பதால் பொம்மைக்கு அது கம்பளி கட்டியதைப் போன்றதுதான். ஆகையால் முழு நீளத்தையும் சுற்ற வேண்டாம். உள்ளே மறையும் முதல் சுற்றை விட்டுவிட்டு, கொசுவத்தையும் முந்தானையையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து பொருத்துங்கள். பலமுறை துவைத்து நைந்த ஜார்ஜெட் துப்பட்டா அல்லது மெல்லிய பட்டுக் கழுத்துத் துணி ஏற்றது. கரைக்கு மூன்று மில்லிமீட்டர் சரிகை நாடாவை ஒட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துணியை நனைத்து, நெகிழித் தாள் சுற்றிய சிறு மெத்தையின் மேல் மடிப்புகளை ஊசியால் குத்தி நிறுத்தி உலரவைத்தால், ஊசியை எடுத்தபின்னும் கொசுவம் அப்படியே நிற்கும். பூப்போட்ட துணியை எடுக்கும்போது பூவின் அளவையும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் பூ, பொம்மையின் சேலையில் கால் மீட்டர் பூவாகிவிடும்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கியிருக்கிறேன். "அப்பா பொம்மை வைத்து விளையாடுகிறார்" என்று என் மகன் சிரிக்கிறான். (வாசகர், அங் மோ கியோ)

பதில்: ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்ரோனெல்லா ஊர்ட்மேனின் பதினேழாம் நூற்றாண்டுப் பொம்மை வீடு, பிள்ளைகள் தொடுவதற்காகச் செய்யப்பட்டதன்று, செல்வச் சீமாட்டி ஒருவர் தமக்காகச் சேர்த்தது. அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்பவர் 1940களில் கொலையும் மர்ம மரணமும் நடந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து, துப்பறிவாளர்களுக்குத் தடயம் தேடக் கற்றுக்கொடுத்தார். அந்த அறைகளிலுள்ள காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டு பின்னினார். மகனிடம் இதைச் சொல்லிவிட்டு, உப்புத்தாள் தேய்க்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறான். அக்காவின் பொம்மை வீட்டில் சிறிய விளக்குகள் பொருத்தலாமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இந்த அளவுச் சாமான் எதுவுமே இருக்கக் கூடாது, தட்டும் டம்ளரும் தொண்டையை அடைக்கும். விளக்குகளோடு வரும் பொத்தான் மின்கலம் அதைவிடக் கொடியது. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். திருகு வைத்து மூடிய பெட்டியுள்ள, சாதாரண ஏஏ மின்கலத்தில் இயங்கும் விளக்கை வாங்கி, பெட்டியை வீட்டின் பின்சுவருக்கு வெளியே பொருத்துங்கள். குழந்தை பொத்தான் மின்கலத்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: பொம்மை வீட்டுக் கூடத்து மேசையில் மடித்துவைத்த ஒரு தமிழ் முரசு இருக்க வேண்டும் என்று என் தாத்தா கேட்கிறார். நாளிதழை எப்படிச் சிறிதாக்குவது? (உயர்நிலை 2 மாணவி, தெம்பனிஸ்)

பதில்: தாத்தாவின் விருப்பம் நியாயமானது, 1935 முதல் வந்துகொண்டிருக்கும் நாளிதழுக்கு மேசையில் இடமில்லாமல் போகுமா? பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது 8.33 விழுக்காடு. பக்கத்தைக் கைப்பேசியில் நேராகப் படமெடுத்து, கணினியில் பக்கத்தின் உண்மை உயரத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கிடைக்கும் உயரத்துக்குக் குறைத்து அச்சிடலாம். படியெடுக்கும் கடைக்குப் போனால் முதலில் 25 விழுக்காட்டுக்கும், வந்ததை மீண்டும் 33 விழுக்காட்டுக்கும் குறைக்கச் சொல்லுங்கள். தலைப்பெழுத்துகள் தெரியும், செய்தி வெறும் சாம்பல் கோடுகளாகத் தெரியும், அப்படியிருப்பதே சரி. சாதாரணத் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால், நான்காக மடித்தால் இதழ் பலகையாகிவிடும். பரிசுப் பொருள் சுற்றும் மெல்லிய வெள்ளைத் தாளை ஏ4 தாளின் மேல் நாடாவால் நான்கு ஓரங்களிலும் ஒட்டி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, அச்சுப்பொறியில் ஒவ்வொரு தாளாகக் கொடுங்கள். மை காய்ந்தபின் வெட்டி, உண்மை நாளிதழை மடிக்கும் அதே வரிசையில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, மேசையோடு ஒரு சொட்டு வெள்ளைப் பசையால் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறி போட்டதும் பறந்துவிடும்.